தடய அறிவியல் படிக்க எந்த வழி?

குற்ற வழக்குகளின் தடயங்களை அறிவியல் முறையில் ஆராயும் துறை தடய அறிவியல். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் அதைப் படிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இப்போது அதிகம். பெற்றோருக்கு அது புதிய பெயர். எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, வேலை கிடைக்குமா என்ற குழப்பம் உடனே தொடங்கிவிடுகிறது. குழப்பத்துக்குக் காரணம், இந்தத் துறைக்குள் போக வழிகள் பல இருப்பதுதான். நேரடியாக மூன்றாண்டு பி.எஸ்சி. தடய அறிவியலில் சேரலாம். வேதியியலோ விலங்கியலோ இயற்பியலோ படித்துவிட்டு முதுநிலையில் தடய அறிவியலுக்கு வரலாம். தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. மருத்துவம் படித்துச் சட்ட மருத்துவத்துக்குப் போகலாம். இணையத்தில் படித்துச் சான்றிதழ் வாங்குபவர்களும் உண்டு. நான் வேதியியல் கற்பிப்பவன்; அந்தச் சாய்வு இந்தக் கட்டுரையில் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மாணவர்களுக்கு இரண்டாவது வழியே நல்லது என்பது என் கருத்து.

ஆர்வம் கூடியிருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஆய்வகங்களையும் பல்கலைக்கழக வளாகங்களையும் பெருக்க 2254.43 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஆகவே ஆட்கள் தேவைப்படுவார்கள். அந்தத் தேவையைச் சொல்லித்தான் பல கல்லூரிகள் புதிதாகப் பட்டப்படிப்புகளைத் தொடங்குகின்றன. அவற்றில் நல்லதும் இருக்கிறது, பெயரளவில் நடப்பதும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய, தடய அறிவியலில் அடிப்படை என்பது எது என்று முதலில் தெளிவாக வேண்டும்.

விஷத்தால் இறந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் ஒருவரின் உடற்கூறாய்வை எடுத்துக்கொள்வோம். இரைப்பையை அதற்குள் இருப்பவற்றோடும், சிறுகுடலின் தொடக்கப் பகுதியோடும் மருத்துவர் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இடுவார். கல்லீரலில் ஒரு பகுதியும், இரண்டு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதியும் இன்னொரு பாட்டிலில் போகும். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. உறுப்புகள் அழுகும்போது உண்டாகும் வாயுவுக்கு இடம் வேண்டும். கெடாமல் இருக்க ஊற்றுவது சாதாரண உப்பின் நிறைவுற்ற கரைசல். திசு ஆய்வுக்கு அனுப்பும்போது பயன்படுத்தும் ஃபார்மலினை இங்கே ஊற்றிவிட்டால் நஞ்சைப் பிரித்தெடுப்பதே கடினமாகிவிடும். ரத்தத்துக்கு வேறு பொருள், சோடியம் ஃபுளோரைடு. இவ்வளவும் செய்த பிறகு, உறுப்பு எதையும் போடாமல் அதே உப்புக் கரைசலை மட்டும் ஊற்றிய பாட்டில் ஒன்றும் முத்திரையிடப்பட்டு ஆய்வகத்துக்குப் போகிறது.

வெறும் உப்புத் தண்ணீரை எதற்கு அனுப்ப வேண்டும்? நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, கண்டுபிடிக்கப்பட்ட நஞ்சு அந்தக் கரைசலிலேயே இருந்திருக்கக் கூடாதா என்று கேட்பார். நியாயமான கேள்வி. அந்தப் பாட்டிலையும் சோதித்து, அதில் நஞ்சு இல்லை என்று காட்டியிருந்தால்தான் அறிக்கை நிற்கும். இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்வதைக் கட்டுப்பாட்டு மாதிரி என்பார்கள். இந்தத் துறையில் முதலில் கற்க வேண்டியதும் கடைசி வரை கைவிடக் கூடாததும் இதுதான்.

இது புதிய பாடமும் இல்லை. 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஆர்சனிக்கைக் கண்டறியும் சோதனை ஒன்றை வெளியிட்டார். சந்தேகத்துக்குரிய பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால் ஆர்சைன் வாயு கிளம்பும். அதைச் சூடாக்கினால் கண்ணாடியில் கறுத்துப் பளபளக்கும் படலமாக ஆர்சனிக் படியும். மிக நுண்ணிய அளவையும் அது காட்டிக்கொடுத்தது. ஆனால் கடையில் கிடைத்த துத்தநாகத்திலும் கந்தக அமிலத்திலுமே ஆர்சனிக் கலந்திருப்பது உண்டு. இறந்தவரின் வயிற்றில் எதுவும் இல்லாவிட்டாலும் படலம் தோன்றும். நிரபராதி ஒருவர் தூக்கு மேடைக்குப் போக அது போதும். அதனால் மாதிரியைப் போடாமல் வெறும் துத்தநாகத்தையும் அமிலத்தையும் வைத்து ஒரு முறை சோதிப்பது அவசியமானது.

அதே பிழை நம் காலத்தில் டி.என்.ஏ. வடிவில் திரும்பி வந்தது. ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் 2007-ல் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ., ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல குற்ற இடங்களிலும் கிடைத்திருந்தது. இல்லாத ஒரு கொலைகாரியைக் காவல் துறை ஆண்டுக்கணக்கில் தேடியது. 2009-ல் உண்மை வெளியானது: அந்த டி.என்.ஏ., மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான். கிருமி நீக்கினாலும் டி.என்.ஏ. எஞ்சியிருக்கும் என்பதைக் கருதத் தவறிவிட்டார்கள். பயன்படுத்தாத குச்சிகளை வழக்கமாகச் சோதித்து வந்திருந்தால் இது முன்பே பிடிபட்டிருக்கும்.

ஆகவே ஒரு படிப்பை எடை போடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தன் முடிவையே சந்தேகிக்கும் பழக்கத்தை அது மாணவருக்குக் கையால் செய்து கற்கவைக்கிறதா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் மூன்றாண்டு பி.எஸ்சி. தடய அறிவியல். இதன் கவர்ச்சி வெளிப்படையானது. முதல் பருவத்திலிருந்தே குற்ற இடத்தை வரைபடமாக்குவது, தடயத்தைப் பொதிவது, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவது எல்லாம் வந்துவிடும். ரத்தம் தோய்ந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பாக்டீரியா பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும், நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும் என்பதை 18 வயதிலேயே தெரிந்துகொள்வார்கள். குற்றவியல் சட்டமும் கூடவே வரும். இவை சிறிய லாபங்கள் இல்லை.

சிக்கல் பரப்பில் இருக்கிறது. மூன்றாண்டுக்குள் விரல் ரேகை, துப்பாக்கியியல், நச்சியல், ஆவண ஆய்வு, டி.என்.ஏ., உளவியல், சைபர் குற்றம் என்று எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். தொடுவதோடு நின்றுவிடுகிறது. ஒரு சிறிய சோதனையை வைத்துச் சொல்கிறேன். பூச்சிமருந்து குடித்தவரின் இரைப்பைச் சாற்றை மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை முறையில் ஆராய்கிறோம். தகட்டின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, சாற்றில் ஒரு புள்ளி, அதன் பக்கத்திலேயே நமக்குத் தெரிந்த பூச்சிமருந்தில் ஒரு புள்ளி வைக்கிறோம். கரைப்பானில் நிறுத்துகிறோம். கரைப்பான் மேலே ஏறும்போது இரண்டு புள்ளிகளும் நகர்ந்து ஒரே உயரத்தில் நிற்கின்றன. இரண்டும் ஒரே பொருள் என்று எழுதிவிடலாமா? கூடாது. வேறொரு சேர்மமும் அதே உயரத்துக்கு ஏறக்கூடும். வேறு கரைப்பானில் மறுபடி ஓட்ட வேண்டும். வாயு வண்ணப்பிரிகையோடு, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியையும் இணைத்து உறுதிப்படுத்த வேண்டும். ஏன் கூடாது என்பதற்கான பதில் மூலக்கூறின் முனைவுத்தன்மையிலும் (polarity), அது தகட்டின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் பரப்புக் கவர்ச்சியிலும் (adsorption) இருக்கிறது. அதை ஒரு பருவத்தில், வாரம் இரண்டு மணி நேரத்தில் புரியவைக்க முடியாது. செய்முறை தெரிந்து, அதன் காரணம் தெரியாதவர் கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணையின் மூன்றாவது கேள்விக்குத் தாங்க மாட்டார்.

வேலைவாய்ப்புப் பக்கமும் பார்க்க வேண்டும். மத்தியத் தடய அறிவியல் ஆய்வகங்களில் அறிவியல் அலுவலர் பணிக்கு யூ.பி.எஸ்.சி. வெளியிட்டுள்ள பழைய அறிவிக்கைகள் இணையத்தில் இருக்கின்றன. சேர்க்கைப் படிவம் வாங்குவதற்கு முன் அவற்றைப் படிக்கச் சொல்வேன். நச்சியல் பிரிவு என்றால் வேதியியலிலோ உயிர்வேதியியலிலோ முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். தடய அறிவியல் முதுநிலையையும் ஏற்பார்கள். ஆனால் இளநிலையில் வேதியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அங்கே பார்க்கலாம். துப்பாக்கியியலுக்கு அதே இடத்தில் இயற்பியலோ கணிதமோ இருக்கும். அத்துடன் சில ஆண்டு ஆய்வக அனுபவமும் கேட்பார்கள். மூன்றாண்டுத் தடய அறிவியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வாசலைத் தாண்ட முடியாது. எப்படியும் முதுநிலை படித்தாக வேண்டும் என்றால், கீழே போடும் அடித்தளம் உறுதியாக இருக்கட்டுமே.

இதனால்தான் இரண்டாவது வழியைச் சொல்கிறேன். ஆய்வகங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பார்த்தாலே இது விளங்கும். 1849-ல் சென்னையில் தொடங்கிய இரசாயனப் பகுப்பாய்வாளர் ஆய்வகம்தான் இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் மூலம். இன்று அந்தத் துறைக்குச் சென்னையில் தலைமை ஆய்வகமும், மதுரை, கோவை, திருச்சி, சேலம், திருநெல்வேலி உள்ளிட்ட ஊர்களில் வட்டார ஆய்வகங்களும் உள்ளன. வேதியியல், நச்சியல், உயிரியல், ஊநீரியல் (ரத்தம் முதலிய உடல் திரவங்களின் ஆய்வு), இயற்பியல், துப்பாக்கியியல், வெடிபொருள், ஆவணம், மதுவிலக்கு, போதைப்பொருள், டி.என்.ஏ. என்று வேலை பிரிவு பிரிவாக நடக்கிறது. எல்லாம் தெரிந்த ஒருவர் குற்ற இடத்திலிருந்து ஆய்வகம் வரை ஓடித் துப்புத் துலக்குவது திரைக்கதையில் மட்டும்தான்.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது துறையின் இயக்குநராக இருந்தவர் பி. சந்திரசேகரன். சிதறிக் கிடந்த துணித் துண்டுகள், மின்கம்பிகள், எஃகுக் குண்டுகள், உடல் பாகங்கள் ஆகியவற்றிலிருந்து, ஒரு பெண் இடுப்பில் கட்டியிருந்த வெடிகுண்டுதான் காரணம் என்று அவர் வந்தடைந்த முடிவு இந்தியத் தடய அறிவியல் வரலாற்றில் முக்கியமானது. 2000-ல் அவருக்குப் பத்ம பூஷண் வழங்கப்பட்டது. அந்த ஒரு சம்பவத்தில் எத்தனை அறிவியல் வேலை செய்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வெடிபொருள் ஆர்.டி.எக்ஸ். என்று சொல்ல வேதியியல் வேண்டும். துண்டுகள் எந்தத் திசையில் எவ்வளவு விசையோடு பறந்தன என்று சொல்ல இயற்பியல் வேண்டும். எந்த உடல் வெடிகுண்டுக்கு மிக அருகில் இருந்தது என்று சொல்ல உடற்கூறியல் வேண்டும்.

ஆகவே பிளஸ் டூ மாணவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, இவற்றில் எது எனக்குப் பிடிக்கிறது என்பதைத்தான். நஞ்சும் போதைப்பொருளும் வெடிபொருளும் ஈர்த்தால் பி.எஸ்சி. வேதியியல். டி.என்.ஏ.யும் ரத்தமும் என்றால் விலங்கியல், உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம். துப்பாக்கி, வாகன விபத்து, கண்ணாடி உடைசல் என்றால் இயற்பியல். நல்ல ஆய்வகமும் கண்டிப்பான ஆசிரியர்களும் உள்ள ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் குறைந்த செலவில் இவற்றைப் படித்துவிடலாம். பிறகு எம்.எஸ்சி. தடய அறிவியலுக்குப் போகலாம். இன்னொரு நன்மை, பெற்றோர் கவலைப்படும் விஷயம்: மூன்றாண்டில் மனம் மாறினாலும் மருந்துத் தொழிற்சாலை, உணவுப் பரிசோதனைக் கூடம், குடிநீர் ஆய்வகம், பி.எட்., ஆராய்ச்சி என்று வேதியியல் பட்டத்துக்கு வாசல்கள் பல.

இந்த வழிக்கும் குறை உண்டு. மூன்றாண்டு முழுவதும் தடய அறிவியல் என்ற சொல்லே வகுப்பில் வராமல் போகலாம். ஆர்வத்தோடு வந்த பிள்ளை கனிம வேதியியலின் நடுவில் சோர்ந்துவிடுவதைப் பார்க்கிறேன். முதுநிலை இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வும் உண்டு. அந்த மூன்றாண்டில் பக்கத்திலேயே தடய அறிவியலைச் சொந்தமாகப் படித்து வருவதுதான் இதற்கு மருந்து.

தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் தனியாகப் பேசத்தக்கது. 2009-ல் குஜராத் மாநிலப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. தலைமையிடம் காந்திநகர்; தில்லி, கோவா, திரிபுரா உள்ளிட்ட இடங்களிலும் வளாகங்கள் உண்டு. அதன் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பி.எஸ்சி.-எம்.எஸ்சி. படிப்பு, நான் மேலே சொன்ன இரண்டு வழிகளின் நன்மைகளையும் பெருமளவு சேர்த்துத் தருகிறது. அடிப்படை அறிவியல்களும் தடய அறிவியலும் ஒரே கூரையின் கீழ் வருகின்றன. உண்மையான வழக்குகளைக் கையாளும் ஆய்வகச் சூழலும் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வில் இடம் கிடைத்து, செலவுக்கும் வெளியூரில் தங்குவதற்கும் குடும்பம் தயாராக இருந்தால் யோசிக்காமல் சேரலாம். கிடைக்காதவர், அதற்கு மாற்று என்று நினைத்து ஆய்வகமே இல்லாத கல்லூரியில் அதே பெயருள்ள படிப்பில் சேர்வதைத்தான் தடுக்க விரும்புகிறேன்.

உடற்கூறாய்வு செய்ய வேண்டும் என்ற ஆசையோடு தடய அறிவியலில் சேர்பவர்கள் இருக்கிறார்கள். அது மருத்துவரின் வேலை. நீட் எழுதி, உள்ளுறைப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்து, முதுநிலை நீட்டில் தேறி, மூன்றாண்டு எம்.டி. படித்தால்தான் சட்ட மருத்துவ நிபுணராகலாம். மருத்துவத்தின் மீது ஆசை இருப்பவருக்கு மட்டும் இந்த வழி.

விரல் ரேகை விஷயத்திலும் ஒரு குழப்பம் நிலவுகிறது. தமிழ்நாட்டில் அது காவல் துறையின் விரல் ரேகைப் பிரிவிடம் இருக்கிறது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே அறிவியல் பட்டதாரிகளை உதவி ஆய்வாளர்களாக எடுக்கிறார்கள். ரேகையைப் பொருத்திப் பார்க்கும் பயிற்சி உள்ளே போன பிறகுதான். அதற்காகத் தனிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். ஆனால் ஒன்றைப் படித்துவிட்டுப் போகலாம்: 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகையை, சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்று எஃப்.பி.ஐ. தவறாக முடிவு செய்து அவரைக் கைது செய்தது. அனுபவம் மிக்க நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்தத் தவறையே உறுதி செய்தார்கள். முதலாமவரின் முடிவு தெரிந்தே அடுத்தவர் பார்த்தார் என்பது அதற்கு ஒரு காரணம்.

கணினி பிடித்தவருக்குக் கணினி அறிவியலோ தகவல் தொழில்நுட்பமோதான் முதல் படி. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீட்டை, குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். இதைப் புரிந்து செய்யும் ஆட்களின் தேவை கூடிக்கொண்டே போகும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை சைபர் தடயவியலுக்கென்றே எம்.எஸ்சி. நடத்திவருகிறது.

இணையத்தில் படிப்பதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் இ-பிஜி பாடசாலையில் தடய அறிவியலுக்கு முதுநிலைத் தரத்தில் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்திலும் தேடலாம். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2009-ல் வெளியிட்ட நீண்ட அறிக்கையை எவரும் இலவசமாகப் பதிவிறக்கலாம். டி.என்.ஏ. ஆய்வைத் தவிர மற்ற ஒப்பீட்டு முறைகள் பலவற்றுக்கு அறிவியல் அடித்தளம் போதாது என்று அது கூறியது. தடய அறிவியல் கற்க வரும் ஒவ்வொருவரும் முதலாண்டிலேயே அதை வாசிக்க வேண்டும் என்பேன். வழக்கறிஞர், பத்திரிகையாளர், காவல் அதிகாரி ஆகியோருக்கு இந்த வழியே போதுமானது. பட்டம் அவர்களுக்குத் தேவையில்லை. பிளஸ் டூ விடுமுறையில் இருக்கும் மாணவரும் இந்தப் பாடங்களை வாசித்துப் பார்க்கட்டும். நச்சியல் பாடத்தின் பத்தாவது பக்கத்திலும் ஆர்வம் நிலைத்தால் அது உண்மையான ஆர்வம்.

காசு வாங்கிக்கொண்டு வழங்கும் குறுகிய காலச் சான்றிதழ்களில் எச்சரிக்கை வேண்டும். கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதையும் தடய அறிவியல் என்ற பெயரில் விற்கிறார்கள். ஆவண ஆய்வாளர் செய்வது வேறு: இந்தக் கையெழுத்தும் அந்தக் கையெழுத்தும் ஒருவர் போட்டவையா என்று ஒப்பிடுவதோடு அவர் நின்றுவிடுவார். உண்மை கண்டறியும் சோதனையைப் பெரிதாக விளம்பரப்படுத்தும் படிப்புகளும் உண்டு. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமின்றி நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனைகளை நடத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்துவிட்டது. அதைக் குறிப்பிடாமல் அந்தப் பாடத்தை நடத்துபவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

பி.எஸ்சி. தடய அறிவியலில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை. மூன்றாண்டும் வேதியியலோ உயிரியலோ ஒரு பாடமாகத் தொடர்கிறதா, மதிப்பெண் பட்டியலில் அந்தப் பெயரிலேயே வருகிறதா என்று பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் விருப்பப் பாடமாக அதையே தேர்ந்தெடுங்கள். ஆய்வக வகுப்பில் ஆசிரியர் சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு சோதனையையும் மாதிரி இல்லாமல் ஒரு முறை செய்து குறிப்பேட்டில் எழுதுங்கள். விடுமுறையில் உணவு, மருந்து, குடிநீர் ஆய்வகம் எதிலாவது பயிற்சிக்குக் கேளுங்கள். வண்ணப்பிரிகைக் கருவி எங்கே இருந்தாலும் அதே கருவிதான். முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது, ஆய்வேட்டுக்கான வேலையை அரசுத் தடய அறிவியல் ஆய்வகத்தில் செய்ய அனுமதி பெற்றுத்தரும் பல்கலைக்கழகத்துக்கு முதலிடம் கொடுங்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யூ.ஜி.சி. நெட் தேர்விலும் தடய அறிவியலுக்கெனத் தனிப் பாடம் உண்டு. அதன் பாடத்திட்டத்தை இரண்டாம் ஆண்டிலிருந்தே பக்கத்தில் வைத்துப் படித்து வரலாம்.